நாலு நாளாகியும் இறுகாத மூடி

பெருவிரல் ஒட்டிக்கொண்டது.

சத்யப்பிரியா அதை மெதுவாகப் பிரித்தாள். விரலுக்கும் மூடிக்கும் நடுவே ஓர் இழை நீண்டு, மெலிந்து, அறுந்தது.

“ஒரு கம்பிப் பதம் மேடம்,” என்றான் அவள் உதவியாளன் காளிராஜ், குனிந்து பார்த்தபடி. “இன்னும் ரெண்டு கொதி விட்டிருந்தா அதிரசத்துக்கு ஆகியிருக்கும்.”

“நாலு நாளைக்கு முன்னால ஒட்டினது காளி. அதிரசத்துக்கும் ஆகலை, படகுக்கும் ஆகலை.”

அவள் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டினாள். பீங்கானைத் தட்டியதுபோல் கணீரென்றது. ஒரே படகு. உடலெங்கும் கல்லாய் இறுகியிருக்க, முன்புறத்துச் சிறு பெட்டியின் மூடி மட்டும் பிசுபிசுத்தது.

பாம்பன் தெற்குவாடியில், இடுப்பளவு மதில் சூழ்ந்த முற்றத்தில், ரிஃபாய் தம் கையாலேயே கட்டிய பன்னிரண்டடிப் படகு அது. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எப்பாக்சி ரெசின் என்னும் இறுகும் பசையை ஊற்றி ஆறு மாதம் இழைத்திருந்தார். ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் பதினோரு ஆண்டுகள் அவர் சிந்திய வியர்வைக்கு மிஞ்சியது இந்த ஒரு வித்தைதான். கரையோரம் நண்டு வலை போட்டு, இனி எவரிடமும் கைகட்டி நிற்காமல் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கனவு.

அந்தக் கனவின் முன்பெட்டியைத்தான் நேற்று மாலை அதிகாரிகள் பிளந்தார்கள். நான்கு நாட்களாய் அதில் சரக்கு இருப்பதாக எவரோ தொலைபேசியில் துப்புக் கொடுத்திருந்தார். மூடியைப் பெயர்த்ததும் பதினெட்டுக் கிலோ உலர்ந்த கடல் அட்டை வெளிவந்தது. பிடிக்கவே தடையுள்ள, பாதுகாக்கப்பட்ட கடல் உயிரி; வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம். ஜாமீன் எளிதில் வாய்க்காத குற்றம். ரிஃபாயைக் கையோடு அழைத்துச் சென்றார்கள். இன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு இராமநாதபுரத்தில் நீதிபதியின் முன் நிறுத்துகிறார்கள். அதற்குள் அவர் ஒட்டியது அல்ல இந்த மூடி என்று நிறுவியாக வேண்டும். இப்போது மணி ஒன்பதரை.

படகை ஏற்றிப்போக லாரியும் வந்திருந்தது. ஆனால் படகு வாசலைவிட அகலம்; முத்திரை கலையாமல் மதிலுக்கு மேலே தூக்கவும் வழியில்லை. மதிலை இடிக்க ஆள் வரும்வரை, சிவப்பு அரக்கு முத்திரையோடு அது முற்றத்திலேயே கிடந்தது. ரிஃபாயின் வக்கீல் வாங்கிய அனுமதியின் பேரில் காவலர் ஒருவர் பார்த்திருக்க, சத்யப்பிரியா ஆராய்ந்தாள்.

“வீட்டுக்குள்ளயே படகைக் கட்டிட்டு வாசல்ல முட்டுது பாருங்க,” என்றான் காளிராஜ். “எங்க சித்தப்பா இப்படித்தான், கட்டிலை ரூமுக்குள்ளயே செஞ்சிட்டு வெளிய எடுக்க முடியாம முழிச்சாரு.”

வாசற்படியில் நின்ற மெஹருன்னிசா சிரிக்கவில்லை. ரிஃபாயின் மனைவி; சத்யப்பிரியாவை அமர்த்தியதும் அவள்தான். நேற்றிலிருந்து அவள் கண் மூடவில்லை என்பதை முகமே சொன்னது.

“அவுக மதிலை இடிச்சுக்கலாம்னுதான் இருந்தாக,” என்றாள். “படகு தண்ணியில இறங்குற அன்னைக்கு, நானே முதல் கல்லைப் பேக்கணும்னு சொல்லியிருந்தாக.”

சத்யப்பிரியா பேச்சைத் திருப்பினாள். எட்டு ஆண்டுகள் படகுக் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிட்டு, உடைந்த படகுகளிடம் உண்மை கேட்டுப் பழகி, பிறகு இராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். மனிதர்களிடம் ஆறுதல் பேசத் தெரியாது என்பது அவளுக்கே தெரிந்த குறை.

“இந்த நாலு நாளும் வீட்ல யாரு இருந்தா?”

“யாருமில்லை. சென்னையில எங்க அக்கா மகளுக்கு நிக்காஹ். ரெண்டு பேரும் போயிட்டு நேத்துக் காலையிலதான் வந்தோம். ரயில் அலுப்புல படுத்தவுக, ஆபீசருங்க வந்து எழுப்பித்தான் எந்திரிச்சாக. மூடியைப் பேத்தப்போ ஒரு தடவை குனிஞ்சு பார்த்தாக. அதோட சரி. அப்புறம் ஒரு வார்த்தை பேசலை. என்கிட்டயும் பேசலை.”

“அதிர்ச்சியா இருக்கும்.”

“இருக்கும்,” என்றாள் மெஹருன்னிசா, நம்பாமல்.

அதிகாரிகளின் வாதம் எளியது. எளியது என்பதாலேயே வலியது. மூடியை ஒட்டியிருப்பது எப்பாக்சி. இந்தக் கரையில் அதை வைத்திருப்பவர் ரிஃபாய் ஒருவரே. ஆகவே ஊருக்குக் கிளம்புமுன் ஒட்டிவிட்டுப் போனவர் ரிஃபாய்.

“ரெசின் எப்படிக் கலப்பாரு?”

“ரெண்டுக்கு ஒண்ணு,” என்றாள் மெஹருன்னிசா, தொழுகையில் ஓதுவதுபோல் தடங்கலின்றி. “ரெசின் ரெண்டு கப்பு, ஹார்ட்னர் ஒரு கப்பு. நான்தான் அளந்து குடுப்பேன். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு சொட்டு கூடினா முழுசையும் கொட்டிட்டு மறுபடி கலக்கச் சொல்லுவாக. உப்புப் போடுறதுல நான் இவ்வளவு திட்டு வாங்குனதில்லை.”

சத்யப்பிரியா கொட்டகைக்குள் நுழைந்து இரு டப்பாக்களையும் திறந்தாள். மூங்கில் குச்சியை ஒவ்வொன்றிலும் விட்டு எடுத்தாள். பத்து லிட்டர் ரெசினில் நான்கு மிச்சம். ஐந்து லிட்டர் ஹார்ட்னரில் இரண்டேகால் மிச்சம்.

“ஆறு லிட்டர் ரெசின் போயிருக்கு. அப்படின்னா ஹார்ட்னர் மூணு போயிருக்கணும். ரெண்டேமுக்கால்தான் போயிருக்கு.”

“கால் லிட்டர் மிச்சம் பிடிச்சிட்டாரா?”

“மிச்சம் பிடிச்சா இறுகாது காளி. யாரோ அரை லிட்டர் ரெசினை எடுத்து, அதுல ஹார்ட்னரைச் சும்மா பேருக்கு ஊத்தியிருக்காங்க. ஏன் பேருக்கு?”

காளிராஜ் தலையைச் சொறிந்தான். “கஞ்சப்பயலா இருப்பானோ?”

“இல்லை. வேலை தெரிஞ்ச ஆளு. ஆனா வேற வேலை தெரிஞ்ச ஆளு.”

அவள் மறுபடி மூடியின் அருகே மண்டியிட்டாள். பெயர்த்தெடுத்த துணியின் ஓரத்தில் அவள் பார்வை நிலைத்தது. நூல் பிரியாமலிருக்க, ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து, அந்த மடிப்பின்மேல் ரெசினைத் தடவியிருந்தது. நெய்த இழைத்துணியில் படகு கட்டி அறிந்த எவரும் அதை மடிக்கமாட்டார்; மடித்த இடம் மேடு தட்டும், மேட்டுக்குள் காற்று நிற்கும். மடித்த கைக்கு இது தெரியவில்லை.

அதை அவள் குறிப்பேட்டில் எழுதவில்லை. மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

*

சதக்கத்துல்லாவின் ஃபைபர் பட்டறை, கடலை ஒட்டிய தென்னந்தோப்பில் இருந்தது. அடிபட்டு ஓட்டையான படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. காற்றில், எப்பாக்சிக்கு வேறான மலிவு ரெசினான பாலியெஸ்டரின் காட்டமான நெடி.

“எப்படிக் கலக்குறதா?” சதக்கத்துல்லா பீடியைக் காதிடுக்கில் சொருகிக்கொண்டு சிரித்தார். “ஒரு மக் ரெசின் இறுக ஒரு மூடி கேட்டலிஸ்ட். மழை நாள்னா ஒன்றரை மூடி. இதுல என்ன பாடம் இருக்கு?”

காளிராஜ் சத்யப்பிரியாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அதுதான் விடை. இங்கே மூடியால் அளந்து பழகிய கை, அங்கே போய் அந்த அந்நிய டப்பாவையும் மூடியாலேயே அளந்திருக்கிறது. கரையில் முப்பது ஆண்டுகளாய்ப் பலித்த வழக்கம், ரிஃபாயின் முற்றத்தில் பலிக்கவில்லை.

“மூடியால ஊத்துற ஆளுங்க இங்கன எத்தனை பேரு?” என்று காளிராஜ் கேட்டான்.

“எல்லாரும்தான். அலியார், ராம்குமார், இன்னும் மூணு பேரு. பக்கத்துப் பட்டறையில ஒரு ஏழு. மண்டபத்துப் பக்கம் போனா எண்ணி மாளாது.”

“போச்சு,” என்றான் காளிராஜ். “சந்தேகத்துக்குரியவங்க பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ்லயே வாங்கிக்கலாம்.”

சத்யப்பிரியா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்குக் கூரையாக இழுத்துக் கட்டிய தார்ப்பாய் நான்கு துண்டுகளை இணைத்துத் தைத்தது. ஓரம் முழுவதும் அரை அங்குலம், அளவெடுத்ததுபோல், உள்ளே மடிந்திருந்தது.

“இதை யாரு தச்சது?”

“நம்ம சூஃபியா. ஃபைபர் மேட்டு, அதான் நெய்யாத இழைப் பாய், வெட்டுறதும் அதுதான், ஆள் குறைஞ்சா ரெசின் தடவுறதும் அதுதான். சாயங்காலம் வீட்ல தையல் மிஷின்.” சதக்கத்துல்லா நிமிர்ந்து பார்த்துப் பெருமைப்பட்டார். “மூணு மழை பார்த்துருச்சு, ஒரு நூல் பிரியலை.”

“இன்னைக்கு வரலையா?”

“கையெல்லாம் கொப்புளம்னு முந்தாநாள்ல இருந்து லீவு. நானும் போய்ப் பார்க்கணும். அண்ணனையும் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க, பாவம்.”

“எந்த அண்ணனை?” என்றான் காளிராஜ்.

“ரிஃபாய்தான். அவரு கூடப்பொறந்த தங்கச்சியில்ல அது.”

ரெசினை மூடியால் அளக்கத் தெரிந்தவர் இந்தக் கரையில் நூறு பேர். துணியைக் கண்டால் ஓரம் மடிக்கும் கைகளும் நூறு. இரண்டும் ஒருங்கே அமைந்த கை ஒன்றுதான்.

*

சூஃபியா கதவைத் திறந்தபோது இரு கைகளிலும் வெள்ளைத்துணி சுற்றியிருந்தாள். விரல் இடுக்குகள் சிவந்து வெடித்திருந்தன. இறுகாத எப்பாக்சியை வெறுங்கையால் தொட்டு, தின்னரால் தேய்த்துக் கழுவினால் தோல் அப்படித்தான் பழிவாங்கும்.

“இறுகவே இல்லையா?” என்று மட்டும் கேட்டாள் சத்யப்பிரியா.

சூஃபியா தன் கைகளைப் பார்த்தாள். மறுக்கவில்லை. மறுப்பதற்கும் சிறிது பலம் வேண்டும் போலும்.

“ரெண்டு நாளா ஈரமாவே கிடந்துச்சு,” என்றாள். “போய் இன்னொரு மூடி ஊத்திக் கலந்து மேல தடவினேன். அப்பவும் இறுகலை. எந்த ரெசினும் என் கையில அப்படிப் பண்ணுனதில்லை.”

“யாரு கொடுத்த சரக்கு?”

“பேரைச் சொன்னா மட்டும் பிடிச்சிருவாகளா? நாலு நாள் வச்சிரு, வந்து எடுத்துக்குறேன்னாரு. வேண்டாம்னு சொன்ன வீட்டுப் பொம்பளைக்கு இந்தக் கரையில யாரும் வேலை தரமாட்டாக. எனக்கு ஒரு மக இருக்கு, லாமியா, எட்டாவது படிக்குது. அவ அத்தா வெளிநாடு போயி ஆறு வருஷம். ஒரு போன் இல்லை. என் வீட்ல வச்சா புள்ள கண்ணுல படும். ரிஃபாய் காக்கா படகு சும்மாதானே நிக்குது, அவுக வர்றதுக்குள்ள எடுத்துரலாம்னு நினைச்சேன். சரக்குக் குடுத்தவரோட போட்டிக்காரன் எவனோ காட்டிக்குடுத்துட்டான்.”

பதினெட்டுக் கிலோவை வாங்க ஒருவர் இருக்கிறார். கடல் கடத்த ஒருவர் இருக்கிறார். அயல்நாட்டு விருந்து மேசையில் அதைச் சுவைக்க ஒருவர் இருக்கிறார். அவர்கள் எவருடைய விரலிலும் கொப்புளம் இல்லை. அகப்படுவது ஒட்டிய கை. அழுவது அந்தக் கையை நம்பிய வயிறு. அந்த மூவரின் முகவரியும் சத்யப்பிரியாவின் குறிப்பேட்டில் இல்லை. இருந்ததெல்லாம் இவள் முகவரிதான்.

சூஃபியா துப்பட்டியை எடுத்துத் தலையில் போட்டாள். “நான் வாரேன். ஜட்ஜுகிட்ட நானே சொல்லிடுறேன். காக்கா வெளிய வந்தாப் போதும்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“நேத்துச் சாயங்காலத்துல இருந்து வேற என்ன பண்ணுறேன்?”

ஜீப் பாம்பன் பாலத்தின்மேல் ஏறியது. இருபுறமும் கடல் பளபளத்தது. காளிராஜ் ஒரு தடவை கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தான். பிறகு சாலையை மட்டுமே பார்த்தான்.

*

“கூடாது,” என்றார் வக்கீல் பொன்னுச்சாமி.

நீதிமன்றத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். மணி மூன்று. சூஃபியா சற்றுத் தள்ளி ஜீப்பருகே நின்றாள்.

“இந்தம்மா போய் நான்தான்னு சொன்னா, அவரை விட்ருவாங்கன்னு நினைக்கிறீங்களா? படகு அவருது, டப்பா அவருது, வீடு அவருது. தங்கச்சி ஒட்டுனா, அண்ணனுக்குத் தெரியாமலா ஒட்டுனாள்னு கேப்பாங்க. ஒருத்தர் உள்ள இருக்குற கேஸ் ரெண்டு பேர் உள்ள இருக்குற கேஸா மாறும். அவ்வளவுதான் நடக்கும்.”

“அப்போ உண்மைக்கு என்ன வேலை சார்?” என்றான் காளிராஜ்.

“இன்னைக்கு வேலை இல்லை தம்பி. விசாரணைன்னு ஒண்ணு வரும்போது பார்ப்போம். வரட்டும், ரெண்டு வருஷம் ஆகும்.”

சத்யப்பிரியா யோசித்தாள். உண்மை முழுவதையும் சொல்ல வழியில்லை. பாதியைச் சொல்ல வழியிருந்தது. யார் ஒட்டினார் என்பதை விட்டுவிடலாம். ரிஃபாய் ஒட்டவில்லை என்பதை மட்டும் நிறுவலாம். அரைமணி நேரத்தில் ஒரு மனு எழுதினாள்: கலவையின் விகிதம், இரு டப்பாக்களின் அளவு, கணீரென்ற பலகை, பிசுபிசுத்த மூடி, பதினோராண்டு அனுபவம் உள்ளவர் இப்படிக் கலக்கமாட்டார். மடித்த ஓரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த மடிப்பு நேராகத் தையல் மிஷினுக்கு வழிகாட்டும்.

மெஹருன்னிசா ஓடிவந்தாள். “கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்?”

“அவர் ஒட்டலைன்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

மெஹருன்னிசா முகத்தில் நேற்று மாலைக்குப் பிறகு முதன்முறையாக ரத்தம் ஓடியது. ஜீப்பருகே நின்ற சூஃபியாவைக் கண்டதும், ஆதரவுக்கு வந்திருக்கிறாள் என்று எண்ணிக் கையசைத்தாள்.

நீதிபதி இளம்பெண். மனுவை இரண்டு முறை படித்தார். பொன்னுச்சாமி எழுந்து விளக்கியபோது இடைமறிக்காமல் கேட்டார். பிறகு, கூண்டருகே தலைகுனிந்து நின்ற ரிஃபாயை நேராகப் பார்த்தார்.

“ஷார்ஜாவில் பதினோரு ஆண்டுகள் படகு கட்டியிருக்கிறீர்கள். இந்த மூடியை நீங்கள் ஒட்டியிருந்தால் இறுகியிருக்கும் என்கிறார் உங்கள் வக்கீல். சரிதானா?”

கூடத்தின் பின்வரிசையில் மெஹருன்னிசா இரு கைகளையும் விரித்து ஏந்தினாள். அவளுக்குப் பின்னால், கதவோரம், சூஃபியா.

ரிஃபாய் நேற்று மாலை முதல் பேசாதிருந்த வாயைத் திறந்தார்.

“இல்லைங்கம்மா. அங்கன நான் பட்டறையைக் கூட்டிப் பெருக்குற வேலைதான் பார்த்தேன். ரெசின் கலக்க எனக்கு யாரும் சொல்லித்தரலை.”

பொன்னுச்சாமி திடுக்கிட்டுத் திரும்பினார்.

“படகின் மற்ற பாகமெல்லாம் நன்றாக இறுகியிருக்கிறதே?”

“அது ஏதோ தானா அமைஞ்சு போச்சுங்க. எனக்கு அளவெல்லாம் தெரியாது. மூடியாலதான் ஊத்தினேன்.” அவர் ஒரு கணம் நிறுத்தினார். “துணி ஓரத்தை உள்ள மடிச்சு ஒட்டினதும் நான்தான்.”

சத்யப்பிரியாவின் பேனா நின்றது.

மடிப்பை அவள் எழுதவில்லை. எவரிடமும் சொல்லவுமில்லை. அதிகாரிகளின் அறிக்கையிலும் அது இல்லை. நேற்று மாலை மூடியைப் பெயர்த்தபோது, ஒருமுறை குனிந்து பார்த்த அந்த ஒரு கணத்தில், அவள் அரைநாள் அலைந்து திரட்டியதை எல்லாம் ரிஃபாய் படித்து முடித்திருக்கிறார். இறுகாத பிசுக்கில் பட்டறையைப் படித்தார். மடித்த ஓரத்தில் தங்கையைப் படித்தார். அவரது மௌனம் அதிர்ச்சியால் வந்ததல்ல. அது ஒரு முடிவு. அவரைக் காக்க அவள் கொண்டுவந்த சாட்சி, அடுத்த கேள்வியில் தங்கையின் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று அறிந்து, அதைத் தம் கையாலேயே முறித்துப்போட்டார். முறிக்க அவரிடம் இருந்தது பதினோரு ஆண்டுப் பெருமை ஒன்றுதான்.

எழுந்து மறுத்துப் பேச நினைத்தாள். பேசினால் என்ன சொல்வாள்? இவர் தேர்ந்த கலைஞர், பொய் சொல்கிறார் என்பாள். யாருக்காக என்று நீதிபதி கேட்பார். சத்யப்பிரியா உட்கார்ந்தே இருந்தாள். தன் தொழிலில் அத்தனை கனமான நாற்காலியில் அவள் அமர்ந்ததில்லை.

“பதினைந்து நாள் நீதிமன்றக் காவல்,” என்றார் நீதிபதி.

ரிஃபாய் பின்வரிசைப் பக்கம் திரும்பாமலே நடந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் பொன்னுச்சாமி கோப்பைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். காளிராஜ் ஜீப்பின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மெஹருன்னிசா நேரே சத்யப்பிரியாவிடம் வந்தாள். அழவில்லை.

“அவுக பொய் சொன்னாக மேடம். ஆறு மாசம் நான் அளந்து குடுத்திருக்கேன். அவுகளுக்கா அளவு தெரியாது?”

“ஆமா. பொய்தான்.”

“யாருக்காக?”

சத்யப்பிரியா குறிப்பேட்டை மூடினாள். பணம் வாங்கிக்கொண்டு உண்மையைத் தேடித் தருவதாக வாக்களித்தவள் அவள். உண்மை கையில் இருந்தது. கொடுக்கக் கை எழவில்லை.

“எனக்காக மதினி,” என்றாள் பின்னாலிருந்து சூஃபியா.

அவள் கையில் சுற்றிய துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். விரல்கள் வெளிப்பட்டன. மெஹருன்னிசா அந்த விரல்களையே பார்த்தாள். அவள் கை ஒருமுறை மேலெழுந்தது. அடிக்கத்தான் எழுந்தது என்று சத்யப்பிரியாவுக்குத் தோன்றியது. அது நடுவழியில் நின்று, தன் முந்தானையைப் பற்றிக்கொண்டு, இறங்கியது.

கைதிகளின் வண்டி அவர்களைக் கடந்து வாயிலுக்கு வெளியே திரும்பியது.

“லாமியா ஸ்கூல் விட்டு வந்து பூட்டுன கதவு முன்னால நிக்கும்,” என்றாள் மெஹருன்னிசா. “வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”